இன்ஜினை அணைத்து உருட்டினால் பெட்ரோல் மிச்சமா? – கேள்வி பதில்

இருபது வருடத்துக்கும் மேலாகப் பட்டறையில் கழித்தவன் நான். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல், இறக்கத்தில் சாவியைத் திருப்பி வண்டியை உருட்டும் பழக்கத்தைப் பற்றித்தான். அவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், இறக்கம் கண்ணில் பட்டாலே என் அப்பா இன்ஜினை ஆஃப் பண்ணிவிடுவார். அதையே நான் செய்தால் வீட்டில் திட்டு விழுகிறது. யார் பக்கம் நியாயம்?

பெட்ரோல் கணக்கை மட்டும் பார்த்தால், அப்பா அவர் காலத்து வண்டிக்குச் சரி. உங்களைத் திட்டுகிறவர் உங்கள் வண்டிக்குச் சரி. கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய வண்டியில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் இன்ஜின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றோடு ஸ்லோ ஜெட் என்ற சின்னத் துளை வழியாகப் பெட்ரோலும் போகும். நிறுத்த வேண்டுமானால் சாவியைத்தான் திருப்ப வேண்டும்.

இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. கியரில் போகும்போது காலை முழுக்க எடுத்துவிட்டால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், ஒரு சொட்டு இறங்காது. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டு போகிறது. இன்ஜினின் சுற்று நிமிடத்துக்கு 1,500, 1,000 என்று இறங்கும்போதுதான் மறுபடி தெளிக்க ஆரம்பிக்கும் (வண்டிக்கு வண்டி மாறும்). டேஷ்போர்டில் உடனடி மைலேஜ் காட்டும் வண்டியாக இருந்தால் நீங்களே பார்க்கலாம். கியரில் காலை எடுங்கள், காட்டி உச்சத்துக்கு ஓடும். அப்படியே கிளட்சை அமுக்கினால் மளமளவென்று இறங்கும், ஏனென்றால் இன்ஜின் தானாகச் சுற்ற அப்போது பெட்ரோல் வேண்டும்.

கேள்வி: அப்படியானால் நியூட்ரலில் விடுவது சுத்த வீணா?

சுத்த வீண் என்று சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஆள் சண்டை வருவதே இந்த இடத்தில்தான். கியரில் விட்டால் பெட்ரோல் பூஜ்யம், ஆனால் இன்ஜினே பிரேக் மாதிரி பிடித்து வேகத்தைக் குறைத்துவிடும். நியூட்ரலில் வெகுதூரம் உருளும், ஆனால் ஐடிலிங்குக்கு, அதாவது இன்ஜின் சும்மா சுற்றுவதற்கு, பெட்ரோல் போகும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1,000 கிலோ கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 139 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் அளவு இருந்தாலும், கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் அந்த 60-ஐ எட்டச் செலவானது ஏறக்குறைய 17 மில்லி, ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். பிரேக்கை ஒரே அமுக்காக அமுக்கி நிற்கும்போது அவ்வளவும் சூடாகப் போய்விடுகிறது. சின்ன இன்ஜின் ஐடிலிங்கில் மணிக்கு 0.7 லிட்டர் குடிக்கிறது என்றால், நிமிடத்துக்கு 12 மில்லி. அரை நிமிடம் அணைத்து உருட்டினால் உங்களுக்குக் கிடைப்பது 6 மில்லி. தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் காலை எடுத்துவிடுகிறவருக்கு அந்த 17-இல் பெரும்பங்கு கிடைக்கிறது. சாவியைத் தொடவே வேண்டாம்.

லேசான, நேரான, நீளமான சரிவில் மட்டும் நியூட்ரல் கொஞ்சம் ஜெயிக்கும். செங்குத்தான இறக்கத்தில் கூடவே கூடாது. எப்படியும் பிரேக் போட்டுத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தப் போகிறீர்கள், அந்தச் சூடு முழுவதும் பிரேக் பேடில் ஏறும். கலிபோர்னியாவில் இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவதே சட்டப்படி குற்றம்.

கேள்வி: இன்ஜின் நின்றால் பிரேக் பிடிக்காது என்கிறார்கள். பிரேக் ஆயில் அப்படியேதானே இருக்கிறது?

பிரேக் இருக்கும், ஆனால் உங்கள் காலுக்குத் துணை செய்கிற பூஸ்டர் போய்விடும். அது இன்ஜினோ, இன்ஜினோடு சுற்றும் பம்போ உண்டாக்கும் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. ஒருவழி வால்வு ஒன்று அந்த வெற்றிடத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்திருக்கும், இரண்டு மூன்று அமுக்குக்குத் தாங்கும். நிறுத்தி வைத்த வண்டியில், ஹேண்ட் பிரேக் போட்டுக்கொண்டு, இன்ஜின் ஆஃபில் பெடலை அமுக்கி அமுக்கி விட்டுப் பாருங்கள். முதல் தடவை மெத்தென்று போகும், இரண்டாவது கொஞ்சம் இறுகும், மூன்றாவது நான்காவதில் கல்லாகிவிடும். காலை அதன்மேலேயே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் தானாக உள்ளே இறங்கும். எல்லாரும் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

நான் இதைச் செய்து பார்க்காமலே கற்றுக்கொண்டவன். இளவயதில் ஒரு பழைய காரை அணைத்துப்போட்டு மலைப்பாதையில் உருட்டி வந்தேன். இரண்டு வளைவு சுகமாகத் திரும்பினேன். மூன்றாவதில் எதிரே லாரி. பெடலை இரண்டு காலாலும் மிதித்தேன். லாரிக்காரர் ஒதுங்கியதால் பிழைத்தேன், அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது.

கேள்வி: ஸ்டியரிங் லாக் ஆகிவிடுமா?

பெரும்பாலான வண்டிகளில் சாவியைக் கடைசி வரை திருப்பி உருவினால்தான் பூட்டு முள் விழும். அவசரத்தில் கை அதுவரை போய்விடாது என்று யார் உத்தரவாதம் தருவது? பூட்டு விழாவிட்டாலும் பவர் ஸ்டியரிங் போய்விடும், திருப்புவதற்குள் தோள் கழன்றுவிடும். சாவி ஆஃபில் இருந்தால் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் இறுகி வழுக்காமல் காப்பது) இல்லை, ஏர்பேக்கையும் நம்ப முடியாது.

கேள்வி: என்னுடையது ஆட்டோமேட்டிக், அண்ணா.

வேண்டவே வேண்டாம். வழக்கமான ஆட்டோமேட்டிக்கிலும் சிவிடியிலும் (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸுக்கு ஆயில் அனுப்பும் பம்ப், இன்ஜின் சுற்றினால்தான் சுற்றும். இன்ஜினை அணைத்து உருட்டினால் உள்ளே பாகங்கள் ஆயில் இல்லாமல் சுழலும். ஆட்டோமேட்டிக் வண்டியைச் சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்காதீர்கள் என்று கையேட்டில் எச்சரிப்பதும் இதனால்தான்.

கேள்வி: டர்போ டீசலில்?

டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. ஏற்றம் ஏறிய சூட்டோடு உச்சியில் அணைத்தால் அதன் பேரிங்குக்கு ஆயில் ஓட்டம் நின்று, இருக்கிற ஆயில் கருகும். டர்போவின் ஆயுள் குறையும்.

கேள்வி: மைலேஜ் போட்டிகளில் அணைத்து அணைத்துத்தானே ஓட்டுகிறார்கள்?

ஆமாம், நன்றாகவே பலன் தருகிறது. 1939-இல் அமெரிக்காவின் இலினாயில் ஷெல் நிறுவன ஆய்வகத்து ஆட்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டித் தொடங்கிய போட்டி அது. அப்போது ஜெயித்தவருக்கு லிட்டருக்கு 21 கிலோமீட்டர் கிடைத்தது. இன்ஜின் நல்ல பாரத்தில் ஓடும்போதுதான் பெட்ரோலைத் திறமையாகப் பயன்படுத்தும். அதனால் சற்று அழுத்தி வேகமெடுத்து, அணைத்து, உருட்டி, திரும்பவும் வேகமெடுப்பார்கள். ஆனால் அது மூடிய தடம். பின்னால் ஹாரன் அடிக்க யாரும் இல்லை.

பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் கார்கள் இதையே தானாகச் செய்கின்றன. அவற்றில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் மின்சாரத்தில் துணை உண்டு, இன்ஜினை நம்பி இல்லை. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபிலும் ஓடும்போதே இன்ஜினை நிறுத்தி உருட்டும் வகை வந்திருக்கிறது. வண்டியே செய்தால் செய்யட்டும், நாம் சாவியைத் தொட வேண்டாம்.

கேள்வி: ஓடும்போது இன்ஜின் தானாகவே நின்றுவிட்டால்?

பிரேக்கைத் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள், தேங்கியிருக்கிற வெற்றிடம் அதற்குப் போதும். சாவியை உருவாதீர்கள், ஆனிலேயே இருக்கட்டும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து ஓரம் கட்டுங்கள். மேனுவல் வண்டி, முன்னால் பாதையும் காலி என்றால் மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பிடித்தாலும் வீட்டுக்குப் போகும் வழியில் பட்டறையில் ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள்.