இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட கறுப்பின அமெரிக்க வீரர்களுக்கு ஜி.ஐ. சட்டத்தின் வீட்டுக்கடன் ஏன் எட்டவில்லை?

ஜி.ஐ. சட்டம் என்பது போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வீடு வாங்கவும், வேலையில்லாத காலத்தைச் சமாளிக்கவும் உதவ வந்த அமெரிக்கச் சட்டம். அதில் நிறத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. சிக்கல் அதை நடைமுறைப்படுத்திய விதத்தில்தான். 1944 ஜூன் 22-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட இச்சட்டப்படி அரசு நேரடியாகக் கடன் தராது. வங்கி தரும் கடனில் பாதிக்கு, தொடக்கத்தில் 2,000 டாலருக்கு மிகாமல், உத்தரவாதம் மட்டுமே தரும். வங்கி மேலாளர் கைவிரித்தால் அந்த உத்தரவாதத்துக்கு மதிப்பே இல்லை. கறுப்பினத்தவர் குடியிருப்புகள், எங்கே கடன் தரலாம் என்று காட்டும் வரைபடத்தில் ஏற்கெனவே ‘ஆபத்தான பகுதி’ எனச் சிவப்பில் குறிக்கப்பட்டிருந்தன. வெள்ளையர் பகுதிக்குப் போகலாம் என்றால், கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பல இடங்களில் வீட்டுப் பத்திரத்திலேயே தடை எழுதியிருக்கும். 1947-இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்கில், 3,000-க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டே இரண்டு!

வேலையில்லாதோர் உதவித்தொகையிலும் இதே கதைதான். வாரம் 20 டாலர், 52 வாரம் வரை; ஆனால் ‘தகுந்த வேலை’யை மறுத்தால் நிறுத்திவிடுவார்கள். எது தகுந்தது என்று முடிவுசெய்தது உள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகம். ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தவரிடம் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எடுபிடி வேலையை நீட்டுவார்கள். வேண்டாமென்றால் பணமும் போச்சு.

அடுத்த அதிபர் ட்ரூமனின் 1948 ஆணை படைக்குள் சமத்துவம் கோரியதே தவிர, இவற்றைத் தொடவில்லை. வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1968-இல்தான் வந்தது.