உயர்நிலை ஆங்கிலச் சொற்கள் எழுதும்போதும் பேசும்போதும் இயல்பாக வர என்ன செய்ய வேண்டும்? சொற்பட்டியலை மனப்பாடம் செய்தால் போதுமா?

போதாது. அலுவலகத்தில் பிறர் எழுதும் ஆங்கில அறிக்கைகளைத் திருத்துவது என் வேலைகளுள் ஒன்று. பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரிந்திருக்கிறது. அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதுதான் தெரிவதில்லை.

தரமணியில் என்னோடு பணிபுரியும் இளைஞர் ஒருவர், விளம்பரத்தால் விற்பனை கூடியது என்று சொல்வதற்கு 'எக்ஸாசர்பேட்' (exacerbate) என்ற சொல்லைப் போட்டிருந்தார். அவர் படித்த பட்டியலில் அதற்கு நேரே 'அதிகப்படுத்து' என்று இருந்தது. ஆனால் வலி, பதற்றம், பற்றாக்குறை, நெரிசல் என்று வேண்டாதவை மேலும் மோசமாகும் இடத்தில்தான் ஆங்கிலத்தில் அச்சொல் வரும். விற்பனையோடு சேர்த்ததும் விற்பனையே ஏதோ நோய் என்பது போன்ற தொனி வந்துவிட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிப்போனதால் வெள்ளப் பாதிப்பு கடுமையானது என்பதை அதே சொல்லை வைத்து ஆங்கிலத்தில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். 2015 டிசம்பரில் சென்னையில் இருந்த எவருக்கும் அப்படியொரு வாக்கியம் எளிதில் மறக்காது.

தமிழில் வெயில் அடிக்கும், கொளுத்தும், எரிக்கும், பெய்யாது. இதை யாரும் நமக்குப் பட்டியல் போட்டுத் தரவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்தில் 'காலொகேஷன்' எனப்படும் இந்தச் சேர்க்கையை, அம்மொழியைக் கேட்டு வளராத நாம் கவனித்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு உதவும் அகராதிகள் உண்டு. 1987இல் வெளிவந்த காலின்ஸ் கோபில்ட் அகராதி, மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய ஆங்கிலத்தைப் பெருமளவில் திரட்டி ஆராய்ந்து, பொருளையே முழு வாக்கியமாகச் சொல்கிறது. ஆங்கிலம்–தமிழ் அகராதியை மட்டும் நம்பியிருப்பதைவிட இது பல மடங்கு பயன் தரும் என்பது என் கருத்து.

நாளிதழின் தலையங்கப் பக்கத்தில் ஒரு சொல்லை இரண்டாம் முறை பார்க்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே முறை தென்படும் அபூர்வச் சொற்களின் பின்னால் போக வேண்டாம். சொல்லை மட்டும் எழுதாமல் முழு வாக்கியத்தையும் எழுதி, அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்களை அடிக்கோடிடுங்கள். பிறகு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் அமையுங்கள். 'மிட்டிகேட்' (mitigate), 'அலீவியேட்' (alleviate) இரண்டுக்கும் பட்டியலில் 'தணி' என்றே இருக்கும். மழைநீர் வடிகால் வெள்ள அபாயத்தைக் குறைக்கிறது என்னும்போது முந்தையதும், நிவாரண முகாமில் கிடைக்கும் உணவு மக்களின் துன்பத்தைத் தணிக்கிறது என்னும்போது பிந்தையதும் பொருந்தும். சொந்த ஊரின் மழையையும் தண்ணீர் லாரியையும் வீட்டு வாடகையையும் பற்றி எழுதினால் சொல் எந்தச் சூழலுக்கு உரியது என்பதும் சேர்ந்தே பதிந்துவிடும்.

எழுதியதை மறுநாள் ஒரு முறையும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் நினைவுகூர வேண்டும். கற்றது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்.

வெளிநாட்டுப் படிப்புக்காக ஜிஆர்இ எழுதப்போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எதிர்ச்சொல் கேள்விகளும் சொல்லிணை ஒப்புமைக் கேள்விகளும் 2011இல் அத்தேர்விலிருந்து நீக்கப்பட்டன. இப்போது வாக்கியத்தின் போக்கை உணர்ந்து கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். அப்படியிருந்தும் பட்டியல் புத்தகங்களின் விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை! எந்தச் சொற்களில் தொடங்குவது என்று தயங்குபவர்கள், மொழியியல் ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட, 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) கொண்ட கல்விச் சொற்பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அடிக்கடி வரும் சொற்கள் அவை. அதையும் மனப்பாடம் செய்யாமல், எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சைப் பொறுத்தவரை, மின்னஞ்சலில் சில முறை சரியாக எழுதிப் பழகிய சொல்லையே வாயில் எடுப்பது நல்லது. 'யூஸ்' போதுமான இடத்தில் 'யூட்டிலைஸ்' எதற்கு? மேலும், அகராதித் தளங்களில் ஒலிப்பைக் கேட்காமல் எந்தப் புதுச் சொல்லையும் பேச வேண்டாம்; 'எக்ஸாசர்பேட்' என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையான 'ஸா'வில் விழுகிறது, எழுத்தைப் பார்த்து மட்டும் அதை ஊகிக்க முடியாது.