சாமான்களோடு வீட்டை வாடகைக்கு விடலாமா?

வேலை மாற்றலாகி வெளியூர் போகிறீர்கள். கட்டில், சோபா, பிரிட்ஜ் எல்லாவற்றையும் அப்படியே போட்டு வீட்டை விட்டால் காலி வீட்டைவிட வாடகை கூடக் கிடைக்குமாமே, விடலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, அம்மாவின் பழைய மர பீரோவையும் அங்கேயே விட்டுவைக்கலாமா என்று ஒரு வரி.

வாடகை கூடத்தான் கிடைக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு உங்கள் சாமான் தேய்கிற கூலி. மெத்தையும் வாஷிங் மெஷினும் சோபாவும் சில வருடங்களில் மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவை மாதத்துக்கு இவ்வளவு என்று பிரித்து, கூடக் கிடைக்கும் வாடகையில் கழியுங்கள். சாமானுள்ள வீட்டைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல மாற்றலில் வந்தவர்கள், படிக்க வந்தவர்கள். நெடுநாள் இருக்க மாட்டார்கள். ஒருவர் போய் இன்னொருவர் வரும்வரை வீடு சும்மா கிடக்கும் காலத்தையும் கழியுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சினால் தாராளமாக விடலாம். எனக்கு மிஞ்சுகிறது. பல வருடமாக இப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

மிஞ்சுவதற்குக் காரணம் நான் வைத்திருக்கும் பட்டியல். "கரண்டி எண்ணுகிற ஓனர்" என்று என் மனைவியே கிண்டல் செய்வாள். செய்யட்டும். சாவி கொடுக்கும் நாளில் குடிவருபவரையும் கூட வைத்துக்கொண்டு அறை அறையாகப் போவேன். ஒவ்வொரு சாமானும் என்ன நிலையில் இருக்கிறது, எங்கே கீறல், எந்த இழுப்பறை இறுகும் என்று எழுதி, தேதி தெரியும்படி படம் எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்துப் போடுவோம். மெத்தைக்கு இரண்டு பக்கமும் படம். மேசைக்கு நேர் மேலிருந்து ஒன்று. மெஷின்களின் சீரியல் நம்பர், கரன்ட் மீட்டர் ரீடிங். ஒரு நகல் அவர்களுக்கு.

ஒரு குடும்பம் காலி செய்த நாளில் இது எப்படிக் கைகொடுத்தது என்று சொல்கிறேன். வீடு பளிச்சென்று இருந்தது. சாப்பாட்டு மேசையில் புது விரிப்பு, நடுவில் பூ ஜாடி. போகிற வீட்டில் எதற்குப் பூ என்று தோன்றியது. ஜாடியைத் தூக்கி விரிப்பை விலக்கினால், இஸ்திரிப் பெட்டியின் அடி அப்படியே மரத்தில் பதிந்திருந்தது. கூர் முனை, பக்கவாட்டு வளைவு எல்லாம் தெளிவாக, நடுவில் கருகி, ஓரத்தில் பாலிஷ் கொப்பளித்து. "நாங்க வரும்போதே இருந்துச்சு சார்" என்றார் அவர். நான் ஒன்றும் பேசாமல் படத்தையும் கீழே அவர் போட்ட கையெழுத்தையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சமையலறைக்குள் போய்விட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. அன்று ராத்திரி அவருடைய அப்பா போனில் வந்து, "ஒரு மேசைக்காகப் பிள்ளைங்க அட்வான்ஸைப் புடுங்குவீங்களா" என்று சத்தம் போட்டார். புது மேசைக்கான பணத்தை நான் கேட்கவே இல்லை. அது ஏற்கெனவே பாதி ஆயுள் கழிந்த மேசை. பழையதைக் கெடுத்தவரிடம் புதிய பொருளின் விலையை வாங்குவது நியாயமும் இல்லை, வழக்கு என்று போனால் நிற்கவும் நிற்காது. தச்சரை வரவழைத்து மேல்பலகையை இழைத்துப் பாலிஷ் போட்டேன். அந்தக் கூலியை மட்டும் ரசீதோடு பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். அதே வீட்டில் சோபாவின் இருக்கை அமுங்கியிருந்தது, திரைச்சீலை வெளுத்திருந்தது. அதற்கெல்லாம் ஒரு காசு பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் சோபா அமுங்கும், வெயில் பட்டால் துணி வெளுக்கும். அதற்குத்தானே வாடகை வாங்குகிறோம்?

இதைப் படித்துவிட்டு "ஓனர்கள் எல்லாம் இப்படித்தான்" என்று பல்லைக் கடிப்பவர்களுக்கு ஒன்று: அந்தப் பட்டியல் குடியிருப்பவரையும் காப்பாற்றும். அவர் வருவதற்கு முன்பே இருந்த கீறலுக்கு நான் பணம் கேட்க முடியாது பாருங்கள். நானும் வாடகை வீட்டில் இருந்து வந்தவன்தான்.

ஒப்பந்தத்தில் இன்னும் சில விஷயங்களை வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிவிடுங்கள். மெஷின் வயதாகிப் படுத்தால் செலவு உங்களுடையது, தவறாகக் கையாண்டு கெட்டால் அவர்களுடையது. ஏசி, வாஷிங் மெஷின் பில்டரைச் சுத்தம் செய்வது யார் என்றும் எழுதுங்கள். பாதிச் சண்டை அதில்தான் வரும். உங்கள் சாமான் பிடிக்காவிட்டால் அதை மாடியிலோ பால்கனியிலோ தூக்கிப் போடக் கூடாது என்பது முக்கியம். ஒருவர் தன் சொந்தக் கட்டிலைக் கொண்டுவந்து, என் கட்டிலைப் பால்கனியில் சாய்த்து வைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க நனைய விட்டார். பிளைவுட் அப்பளம் மாதிரி உப்பிப்போனது. வீட்டுக் காப்பீடு எடுப்பதாக இருந்தால் உள்ளே இருக்கும் உங்கள் சாமானும் அதில் அடங்குமா, வாடகைக்கு விட்ட பிறகும் செல்லுமா என்று முதலிலேயே கேளுங்கள். குடியிருப்பவரின் பொருளுக்கு அவர்தான் தனியாக எடுக்க வேண்டும். வாடகை வருமானத்துக்கான வரி விதி நாட்டுக்கு நாடு மாறும், ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

குடியிருப்பவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம், இந்தச் சொந்தக்காரர்களைத்தான் முடியாது. பர்னிச்சரோடு வீடு விடுகிறோம் என்று தெரிந்ததும் ஆளாளுக்குத் தங்கள் வீட்டு ஓட்டை உடைசலைக் கொண்டுவந்து தள்ளுவார்கள். "வாடகை வீடுதானே, அங்க போடுங்க." என் மச்சான் ஒரு நாற்காலி செட்டை இப்படித்தான் தள்ளிவிட்டார். கால் ஆடியது, நான்தான் சரி செய்து துணி மாற்றினேன். இப்போது படத்தில் பார்த்துவிட்டு, "அது எங்கப்பா வாங்கினதாச்சே, எப்ப திருப்பித் தர்றீங்க" என்கிறார். குடியிருப்பவர் கையெழுத்துப் போட்ட பட்டியலில் இருக்கும் சாமானை நடுவில் உருவ முடியாது என்று சொன்னால் புரிந்துகொள்ள மறுக்கிறார். போன விசேஷத்தில் என்னோடு பேசவே இல்லை.

சரி, அம்மாவின் பீரோ. அதை விட்டுவைக்காதீர்கள். போனால் திரும்ப வாங்க முடியாத எதுவும் வாடகை வீட்டில் இருக்க வேண்டாம். யாரோ ஒருவர் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினால் உங்களுக்கு வயிறு எரியும், அவருக்கு ஏன் என்று புரியாது. எடுத்துப் போக வழி இல்லையென்றால் ஒரு அறையில் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். பூட்டிய அறை உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதைக் கழித்துத்தான் வாடகை பேச வேண்டும். அவ்வப்போது திறந்து பார்க்கவும் ஒரு ஏற்பாடு வேண்டும், கரையான் கேட்டுக்கொண்டு வராது.