சுவரில் பாரம் ஏற்ற எந்த போல்ற்? – கேள்வி பதில்

நெல்லியடியிலிருந்து: அண்ணை, கேற் 80 கிலோ, 2 மீற்றர் அகலம், ஒற்றைக் கதவு. சீமெந்துக் கல்லுத் தூணில் எம்12 (12 மி.மீ. தடிப்பு) எக்ஸ்பான்சன் போல்ற் அடிச்சால் காணுமோ?

தம்பி, முதலில் இழுவையைக் கணக்குப் பாருங்கோ. கேற்றின் பாரம் பிணைச்சலிலிருந்து 1 மீற்றர் தள்ளி நிற்குது. இரண்டு பிணைச்சலுக்கும் நடுவில் 1 மீற்றர் இடைவெளி எண்டால் மேல் பிணைச்சலை வெளியே இழுக்கிறது 80 கிலோ. இடைவெளி அரை மீற்றர் எண்டால் அதே கேற் 160 கிலோவாக இழுக்கும். பிள்ளையள் ஏறி ஆடினால் இன்னும் கூட. அதனால் பிணைச்சல்களை ஏலுமான அளவு தள்ளிப் போடுங்கோ. அதுக்குக் காசு செலவில்லை.

எக்ஸ்பான்சன் போல்ற் இறுக்க இறுக்க விரிஞ்சு, துளையைப் பக்கவாட்டில் நெருக்கித்தான் பிடிக்கும். கொங்கிறீற் அதைத் தாங்கும். ஒடுக்கமான கல்லுத் தூணில் விளிம்புக்குக் கிட்ட அடிச்சால் மூலை பிளந்திடும். எம்16 போட்டாலும் பிளவு கூடுமே தவிரக் குறையாது. தூணுக்குள் கம்பி கட்டிக் கொங்கிறீற் நிரப்பியிருந்தால் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் பசை விட்டுக் கம்பி செருகிறது, சரி. அது விரியாது, பசைதான் பிடிக்கும். வெறும் கல்லுத் தூண் எண்டால் ஊடுருவத் துளைச்சு, மறுபக்கம் இரும்புத் தகடு வைச்சு நட் இறுக்குங்கோ. வடிவு கொஞ்சம் குறையும், ஆனால் நான் அதைத்தான் செய்வன்.

வட்டுக்கோட்டையிலிருந்து: பழைய சுண்ணாம்புக்கல் வீடு. 500 லீற்றர் தண்ணித் தாங்கியைச் சுவரில் தாங்கு அடிச்சு வைக்கலாமோ?

வேண்டாம் அக்கா. தண்ணி மட்டுமே 500 கிலோ. அந்தச் சுவரில் கல்லு உறுதிதான், ஆனால் கல்லையும் கல்லையும் பிடிச்சிருக்கிற சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. போல்ற் கழராது, கல்லோடு சேர்ந்து வரும். நிலத்திலிருந்து தனித் தூண் கட்டி அதில் வையுங்கோ.

குருநகரிலிருந்து: ஏசியின் வெளிப் பெட்டிக்குப் போட்ட போல்ற் எல்லாம் கறள்.

மஞ்சளா மினுங்குகிற நாகப் பூச்சு உப்புக் காற்றுக்குக் கன காலம் நிற்காது. 316 எண்ட தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ற் வாங்குங்கோ, நட்டும் வாசரும் அதே 316 ஆக இருக்கவேணும்.

சாவகச்சேரியிலிருந்து: உள்ளே ஓட்டையுள்ள கல்லில் கெமிக்கல் ஆங்கர் போட்டேன். கையால் இழுக்கவே வந்திட்டுது. பசை கூடாததோ?

பசையைக் குறை சொல்ல முன்னம் துளையைப் பாருங்கோ. ஓட்டைக் கல்லில், பசையைப் பிடிச்சு வைக்கிற வலைக் குழாய் செருகாமல் விட்டால் பசை உள்ளே வெற்றிடத்தில் விழுந்திடும். டிறில்லில் சுத்தியல் அடியை நிப்பாட்டிச் சும்மா சுழலவிட்டுத் துளைக்கவேணும், இல்லாட்டில் கல்லின் உள்பக்கம் உடைஞ்சு கொட்டும். துளையை ஊதி, கம்பித் தூரிகையால் தேய்ச்சு, திரும்ப ஊதுங்கோ. குழலில் முதலில் வாற பசையை, நிறம் ஒரே சீராகும் வரைக்கும் வெளியில் பிதுக்கி எறியுங்கோ. ஆழத்தை அளக்கேக்க சுவரின் சாந்துப் பூச்சைக் கழியுங்கோ, 100 மி.மீ. துளையில் 20 மி.மீ. பூச்சு எண்டால் பிடிப்பு 80 மி.மீ. தான். எங்கடை வெயிலுக்குப் பசை நிமிசக் கணக்கில் இறுகத் தொடங்கும், ஆகவே கம்பியைக் கையில் வைச்சுக்கொண்டு பிதுக்குங்கோ. பெட்டியில் போட்டிருக்கிற நேரம் முடியும் வரைக்கும் நட்டை இறுக்காதேங்கோ.