கொலுசுப் பட்டறையில ஒரு காதல் கதை

அண்ணா வணக்கம்,

செவ்வாப்பேட்டை கொலுசுப் பட்டறையில வேலை பாக்குற ரெண்டு ஆம்பளைங்க காதலிக்கிற மாதிரி ஒரு நாடகம் எழுதி ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ரிகர்சல் பாத்துட்டு இருக்கோம். "அதான் 2018லயே ஓரினக் காதல் குத்தமில்லன்னு தீர்ப்பு வந்துருச்சே, இனிமே இதுக்கு எதுக்கு நாடகம், அதுவும் சேலத்துல"ன்னு ஒரு சீனியர் கேக்குறார். கடைசி சீன்ல ஒருத்தன் செத்துடுறான். ஸ்கிரிப்ட் அனுப்பிருக்கேன், உங்க அபிப்ராயம் சொல்லுங்க.

- ஒரு வாசகர், சேலம்

தம்பி,

தாராளமா போடுங்க. அதைக் குத்தமா வெச்சிருந்த 377வது சட்டப்பிரிவு பத்தி சுப்ரீம் கோர்ட் சொன்னது போலீஸ்கிட்ட இருந்து காப்பாத்தும், ஜாதகத்த எடுத்துக்கிட்டு பொண்ணு பாக்க கெளம்புற அம்மாகிட்ட இருந்து எந்தத் தீர்ப்பும் காப்பாத்தாது. அந்த எடத்துலதான் நாடகத்துக்கு வேலை இருக்கு. இங்கிலீஷ்ல நாடகம் எழுதுற மகேஷ் தத்தானியோட, 1998ல மேடையேறின 'ஆன் எ மக்கி நைட் இன் மும்பை' நாடகத்துல, ஃப்ளாட்டுக்கு உள்ள கமலேஷும் அவன் ஃப்ரெண்ட்ஸும் மனசுல இருக்குறத பேசிட்டு இருப்பாங்க, வெளிய ஒரு கல்யாணத்தோட மேளச்சத்தம் கேட்டுட்டே இருக்கும், கமலேஷோட பழைய காதலன்தான் இப்போ அவன் கூடப்பொறந்தவள கட்டிக்கப் போறவன். இது எல்லாம் சட்டம் மாறுறதுக்கு இருவது வருஷம் முன்னாடி, ஆனா அந்த மேளச்சத்தம் இன்னைக்கும் நம்ம தெருவுல கேக்குது.

சேலத்துல யார் பாப்பாங்கன்னு கேக்குறாங்களா? விடிய விடிய கூத்து பாக்குற ஊருப்பா இது. ஆனா "பெண் வேஷம் கட்டுறவனயே ஏத்துக்கிட்ட சனம், இதையும் ஏத்துக்கும்"னு சிலர் சொல்றத நான் அப்படியே நம்ப மாட்டேன். ஓமலூர் பக்கம் ஒரு கூத்துல திரௌபதியா நின்னவர் அழுதப்போ கூடவே அழுத ஆளுங்கதான், காலைல அரிதாரத்த கழுவிட்டு டீக்கடைக்கு வந்தவர் நடைய பாத்து விசில் அடிச்சாங்க. வேஷத்த ஏத்துக்குறது வேற, ஆள ஏத்துக்குறது வேற, அந்த விசில் அடிச்சவங்க முன்னாடிதான் உங்க நாடகம் நடக்கணும்.

இப்போ அந்தக் கடைசி சீன். தயவுசெஞ்சு அவன சாகடிக்காதீங்க. மராத்தி நாடகக்காரர் விஜய் டெண்டுல்கர் 1981லயே 'மித்ராச்சி கோஷ்ட'ல பொண்ண காதலிக்கிற மித்ராவ மேடைக்கு கொண்டு வந்தார், அந்தக் காலத்துக்கு அது பெரிய தைரியம், ஆனா அவளும் கடைசில செத்துத்தான் போறா. அமெரிக்க எழுத்தாளர் லாரி கிரேமரோட 'தி நார்மல் ஹார்ட்' நாடகம் 1985ல வந்தப்போ அதுல சாவு வந்துச்சுன்னா, நியூயார்க்ல எய்ட்ஸ்ல நெஜமாவே கொத்துக்கொத்தா செத்துட்டு இருந்தாங்க, யாரும் கண்டுக்கலயேங்கிற கோபத்துல எழுதினது அது. உங்க கதையில அவன் சாகுறதுக்கு எந்தக் காரணமும் இல்ல, எப்படி முடிக்கிறதுன்னு தெரியாம சாகடிச்சிருக்கீங்க. கூட்டம் ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிடும், அவன் உயிரோட அடுத்த நாளும் பட்டறைக்கு வந்து உக்காந்தாதான் அவங்களுக்கு சங்கடம்.

ரெண்டாவது சீன் ரொம்ப நல்லா வந்திருக்கு. கூலி பாக்கிக்காக சண்ட போட்டுக்கிட்டே ஒருத்தன் பத்தவைக்கிற கொலுச இன்னொருத்தன் வாங்கி வாங்கி பாக்குறான்ல, காதல்ங்கிற வார்த்தையே வரல, ஆனா எல்லாம் புரியுது. அந்த மாதிரி இன்னும் ரெண்டு சீன் எழுதுங்க, அம்மாவுக்கும் பேச்சு குடுங்க, இப்போ சும்மா அழுதுட்டு மட்டும் இருக்காங்க.

ஞாயித்துக்கிழம சாயங்காலமா வைங்க, பட்டறைக்காரங்கள குடும்பத்தோட கூப்பிடுங்க. தேதி முடிவானதும் எழுதுங்க, கண்டிப்பா வர்றேன்.