கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

வணக்கம் ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. இரு மாறிகளில் அமைந்த சமன்பாடுகளுக்கு வரைபடம் வரைகிறாள். முழு மதிப்பெண் வாங்குகிறாள். ஆனால், “அம்மா, இந்தக் கோடு எதற்கு?” என்று கேட்கிறாள். “மதிப்பெண் வருகிறதே, போதும்” என்று சொல்லிவிட்டேன். டியூஷனுக்கு அனுப்பலாமா? நல்ல செயலி ஏதாவது உண்டா?

எம்.

அன்புள்ள எம்.,

டியூஷன் உங்கள் விருப்பம். செயலி இப்போது வேண்டாம். “மதிப்பெண் வருகிறதே, போதும்” என்றீர்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சமன்பாடும் பழையது, கோடும் பழையது. ஒன்றுக்குள் இன்னொன்று இருக்கிறது என்பதை பிரெஞ்சுக் கணித அறிஞர் தெகார்த் அச்சில் வெளியிட்டது 1637இல். ஏறத்தாழ அதே சமயத்தில் இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞரான ஃபெர்மாவும் தனியாக அதைக் கண்டுகொண்டார். உங்கள் மகள் அந்த இடத்தில் நின்று கேட்கிறாள். நீங்கள் வாயை அடைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

எனக்குக் கணக்கு எடுத்த ஆசிரியர் ஒருநாள் 2எக்ஸ் + 3ஒய் = 12 என்று எழுதினார். அட்டவணை போடவில்லை. “எக்ஸுக்கு ஆளுக்கு ஓர் எண்ணைச் சொல்லுங்கள், ஒய் என்ன வரும்?” என்றார். ஒருத்தி 3 என்றாள், 2 வந்தது. இன்னொருவன் 6 என்றான், பூஜ்ஜியம் வந்தது. அவரை மடக்க நினைத்த கடைசி பெஞ்சுக்காரன் 1 என்றான். மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் வந்தது. “அதனால் என்ன, வை” என்றார். கட்டம் போட்ட கரும்பலகையில் அவரவர் புள்ளியை அவரவர் வைத்தோம். எல்லாம் ஒரே வரிசையில் நின்றன.

பிறகு அவரே (4, 3) என்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்து, “இதைச் சமன்பாட்டில் போடு” என்றார். எட்டும் ஒன்பதும் பதினேழு. அதிகம். அடுத்து (1, 1). ஐந்துதான், குறைவு. கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கே வைத்தாலும் 12ஐத் தாண்டியது, இந்தப் பக்கம் எங்கே வைத்தாலும் 12ஐ எட்டவில்லை. சரியாக 12 வரும் இடங்கள் அத்தனையும் சேர்ந்ததுதான் அந்தக் கோடு. அதற்கு வெளியே ஒரு தீர்வுகூடக் கிடையாது.

இதை ஏன் வகுப்பில் காட்டுவதில்லை? மூன்று புள்ளி கண்டுபிடி, அளவுகோலை வை, இழு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண் என்பதால், அளவுத்திட்டம் எழுதினாயா, அச்சுக்குப் பெயரிட்டாயா என்று மட்டும் பார்க்கிறோம். தவறான புள்ளியைக் குழந்தை தன் கையால் வைத்து, அது ஏன் தவறு என்று கூட்டிப் பார்க்க வேண்டும். வைக்கவே விடாமல் சரியான புள்ளிகளை மட்டும் அட்டவணையில் ஊட்டினால், கோடு எதற்கென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இன்று மாலை ஒரு வரைபடத்தாளுடன் அவளோடு உட்காருங்கள். உங்களுக்குக் கணக்கு வராது என்று சொல்லாதீர்கள், கூட்டத் தெரிந்தால் போதும். கோட்டுக்கு வெளியே நீங்களும் நான்கு புள்ளி வையுங்கள். அது முடிந்ததும் அதே தாளில் எக்ஸ் − ஒய் = 1 என்பதையும் வரையச் சொல்லுங்கள். இரண்டு கோடுகளும் (3, 2)இல் வெட்டும். ஏன் அங்கே என்று நீங்கள் சொல்லித்தர வேண்டாம், அவள் சொல்லட்டும். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.