கையெழுத்துப் போட்டுவிட்டால் கேள்வி கேட்கக் கூடாதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ்; இதயத்துக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில், வயிற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த ஆரம்பநிலைப் புற்றுக்கட்டியை எண்டோஸ்கோப்பி வழியாக அறுத்தெடுத்தார்கள். "வயிற்றைக் கிழிக்காத வேலை, பயப்பட ஒன்றுமில்லை" என்றார் டாக்டர். ஒன்பதாம் நாள் டயாலிசிஸ் முடிந்து வந்த இரவு, தார் போலக் கறுப்பாக மலம் போய் மயங்கி விழுந்தார். மறுபடியும் அங்கேயே சேர்த்து, ரத்தம் ஏற்றி, கிளிப் போட்டுக் காப்பாற்றினார்கள். டிஸ்சார்ஜ் கடிதத்தில் டயாலிசிஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டால், "ரத்தக்கசிவு வரலாம் என்று ஃபாரத்திலேயே இருக்கிறது, உங்கள் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்கிறார்கள். அது ஆங்கில ஃபாரம். அப்பாவுக்குத் தமிழும் மலாயும்தான் தெரியும். வழக்குப் போடலாமா? இரண்டாவது பில்லைக் கட்டிவிட்டால் எங்கள் உரிமை போய்விடுமா?
– மகள், பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, பில் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கட்டுவதால் உரிமை போகாது. "வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறோம்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ஆனால், "பாதியைத் தள்ளுபடி செய்கிறோம், இங்கே ஒரு கையெழுத்து" என்று யாராவது தாளை நீட்டினால் பேனாவைத் தொடாதீர்கள். உரிமை போவது அந்த மாதிரித் தாளில்தான்.

இனி வழக்கு. ரத்தம் கசிந்தது என்பதால் மட்டும் டாக்டர் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆகாது. கட்டியை அறுத்த இடத்தில் ஏற்படும் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை எவ்வளவு கைதேர்ந்தவர் செய்திருந்தாலும் கசிவு வரலாம். ஜப்பானில் 33 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வில் 4.7 விழுக்காட்டினருக்குப் பின்னால் கசிந்தது.

அதே ஆய்வு, 2021-இல் வெளிவந்தது, யாருக்கு ஆபத்து கூடுதல் என்று புள்ளி போட்டும் காட்டுகிறது. டயாலிசிஸுக்கு 3, ஆஸ்பிரினுக்கு 1, கட்டி வயிற்றின் கீழ்ப்பகுதியில் இருந்தால் 1. ஐந்தோ அதற்கு மேலோ வந்தவர்களில் கசிவு 29.7 விழுக்காடு. ஊருக்கெல்லாம் நூற்றில் ஐந்து. உங்கள் அப்பாவுக்கு ஏறக்குறைய முப்பது. "பயப்பட ஒன்றுமில்லை" என்ற பேச்சு இங்கேதான் இடறுகிறது. நோயாளி முடிவெடுக்கும்போது பொருட்படுத்தக்கூடிய ஆபத்தை டாக்டர் சொல்லியாக வேண்டும். மற்ற டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வார்களா என்பது அளவுகோல் அல்ல. ஃபூ ஃபியோ நா என்ற நோயாளி தொடுத்த வழக்கில் 2006 இறுதியில் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதைச் சொன்னது, 2017-இல் உறுதிப்படுத்தியது. புரியாத மொழியில் போட்ட கையெழுத்து ஒரு சாட்சியம், அவ்வளவுதான். யார் விளக்கினார்கள், எந்த மொழியில், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், நான் இதை உங்கள் முதல் ஆயுதமாக வைக்க மாட்டேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒன்றே ஒன்று கேட்பார்: "முப்பது என்று தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்களா?" வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை அவர் உடம்புக்கு இதைவிட ஆபத்து. சும்மா விட்டால் புற்று வளரும். அப்பா நேர்மையானவராக இருந்தால் "செய்திருப்பேன்" என்றுதான் சொல்வார். அந்தப் பதிலோடு இந்தக் கிளை ஆட்டம் காணும்.

பலம் டிஸ்சார்ஜ் கடிதத்தில் இருக்கிறது. டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தம் உறையாமலிருக்க வழக்கமாக ஹெப்பரின் கொடுப்பார்கள். வயிற்றில் ஆறாத புண் உள்ளவருக்கு அதைக் குறைக்கவோ, இல்லாமல் ஓட்டவோ முடியும். ஆனால் டயாலிசிஸ் சென்டருக்கு விஷயம் தெரிந்தால்தானே? வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் உட்காருகிறவர் என்று தெரிந்தும் ஒரு வரி எழுதாமல் அனுப்பியது சரியா என்பதுதான் நீதிமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்வி. இது சிகிச்சை பற்றியதாகக் கருதப்பட்டால், பொறுப்புள்ள மருத்துவர்கள் ஏற்கும் நடைமுறையா, அது தர்க்கத்துக்கு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஆகவே வெளியில் உள்ள இரைப்பை, சிறுநீரக நிபுணர்களின் கருத்து இல்லாமல் நகர முடியாது.

அந்த ஒன்பது நாள்களின் டயாலிசிஸ் பதிவுத் தாளைச் சென்டரிடம் இப்போதே எழுத்துமூலம் கேளுங்கள். ஹெப்பரின் கொடுக்கவே இல்லை என்றிருந்தால் இந்த வாதமும் விழுந்துவிடும். வயிற்றில் புண் இருப்பதை நீங்கள் வாய்மொழியாகச் சொல்லியும் ஹெப்பரின் கொடுத்திருந்தால், சென்டரும் பதில் சொல்ல வேண்டிவரும். மருத்துவமனைப் பதிவுகளுக்கு 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம்; 21 நாள்களில் பதில் தர வேண்டும். "டாக்டர் எங்கள் ஊழியர் அல்ல" என்று மருத்துவமனை கைகழுவப் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் வந்த கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அது எளிதல்ல.

காலக்கெடு ஆறு ஆண்டுகள். மூன்று ஆண்டு என்று யாராவது பயமுறுத்தினால், அது அரசாங்க மருத்துவமனைகளுக்கு. அவசரமில்லை என்பதால் பணக் கணக்கையும் பாருங்கள்: அப்பா தேறிவிட்டார், நல்லது, அதனாலேயே இழப்பீடும் சிறியது. இரண்டாவது பில், பட்ட வேதனை, அலைச்சல். நிபுணர் கட்டணமே அதைத் தின்றுவிடக்கூடும். ஆகவே முதலில் மருத்துவமனையின் நோயாளி தொடர்பு அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் சுகாதார அமைச்சு. மலேசிய மருத்துவ மன்றத்துக்கும் போகலாம், ஆனால் அங்கே டாக்டர் மீது ஒழுங்கு நடவடிக்கைதான், பணம் கிடைக்காது. ஹெப்பரின் தாளைப் பார்க்காமல் வழக்கறிஞர் நோட்டீஸ் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.